மூடு

பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகிற சாலை.
அந்தப் பக்கம் பதினாறு விசைத்தறிகள்,
இந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு.
நடுவில் கொண்டி சரியாக விழாத ஒரு கதவு.
காலை வணக்கத்தைக்கூட
நாங்கள் கத்தித்தான் சொல்கிறோம்.

திங்கள்.
உப்புமா வாசம் போகாத விரல்களில்
புளியங்கொட்டைகள்.
எத்தனை என்றேன்.
லோகித் எண்ணிப் பார்த்து
"மூடு" என்றான்.
கதவோரம் இருந்த நவநீதன், நல்ல பிள்ளை,
எழுந்து போய்க் கதவை மூடினான்.
இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள்.
லோகித் வீட்டில் மூன்றுக்கு அதுதான் பெயர்.
கரும்பலகையில் 3 என்று எழுதினேன்.
அது யார் வீட்டிலும் வாடகைக்கு இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அதுவே விளையாட்டாகிவிட்டது.
மூன்று விரல் காட்டினால்
பாதி வகுப்பு கதவுக்கு ஓடுகிறது.
ஏழு காட்டினால் "ஏடு" என்று கூவி
பயிற்சி ஏட்டைத் தலைக்கு மேல் தூக்குகிறார்கள்.
ரெண்டில் சண்டை இல்லை.
ரெண்டு, ரெண்டு வீட்டிலும் ரெண்டு.
ஆறு என்றபோது பிரதிக்ஷா கேட்டாள்:
"நம்ம ஆறுல தண்ணியே இல்லையே மிஸ்,
அப்ப அது சைபரா?"
தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து
பாடம் நடக்கிறதா என்றார்.
நடக்கவில்லை சார், ஓடுகிறது.
சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

லாஸ்யா மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.
ஜூனில் சேர்ந்தவள்.
எதிரே அந்தத் தறிக்கூடத்தில்தான்
அவள் அம்மா தார் சுற்றுகிறாள்.
இவளுக்கு உதடு அசையும், சத்தம் வராது.
கைபேசிச் செயலியில் அவள் பெயருக்கு நேரே
'வாய்மொழி' என்ற கட்டத்தை
நாலு மாதமாகக் காலியாக விட்டிருக்கிறேன்.

புதன்கிழமை எனக்குத் திருத்தணியில் பயிற்சி.
கழித்தலை மகிழ்ச்சியாகக் கற்பிப்பது எப்படி.
பிஸ்கட் நன்றாக இருந்தது.

வியாழன் காலை
கொய்யாக்காயில் மாட்டிக்கொண்டு வந்தது நவநீதனின் பல்.
கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் அழுகை, பிறகு
வாயெல்லாம் பெருமை.
சாக்பீஸ் டப்பாவின் மூடியில் ஏறி
பல் வகுப்பைச் சுற்றி வந்தது.
"முன்னாடி எத்தனை இருந்துச்சு?"
லோகித் விரலை விட்டு எண்ணினான்,
கடி வாங்கினான்,
மறுபடி முதலிலிருந்து எண்ணினான்.
இருபதில் ஒன்று போனால்?
ஓட்டை வழியே காற்றோடு வந்தது
"பத்தொன்பது".
அதில் 'த்' மட்டும் வழியில் விழுந்துவிட்டது.
எங்கள் வகுப்புக்குக் கழித்தல்
அப்படித்தான் வந்து சேர்ந்தது.

வெள்ளி, பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒரே நேரத்தில் நின்றன.
அந்த அமைதி எங்களுக்குப் பழக்கமில்லை.
நான் கத்திக்கொண்டிருந்த ழகரம்
தனியாக, பெரிதாக,
அறை நடுவில் நின்றது.
பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.
சிரிப்பு ஓய்ந்ததும் கேட்டது.
மூன்றாம் வரிசையிலிருந்து, மெலிசாக:
"ஒகட்டி, ரெண்டு, மூணு, நாலுகு, அஞ்சு, ஆறு..."
இரண்டு மொழியிலும் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப்
பதினாறு வரை போனாள்.
நிறுத்தினாள்.
மறுபடி ஒகட்டி.

எதை எண்ணினாளோ, நான் கேட்கவில்லை.
ஜூனிலிருந்து அவள்
பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் போல.
கைபேசியை எடுத்தேன், அந்தக் கட்டத்தைப் பார்த்தேன்,
உள்ளே வைத்தேன்.
காலியாக இருந்தது அவள் பக்கமா?

பன்னிரண்டுக்குக் கரண்ட் திரும்பியது.
முதலில் ஒரு தறி, பிறகு எல்லாம்.
லாஸ்யா என்னைப் பார்த்தாள்.
உதடு அசைந்தது. இந்த முறை
எனக்குப் படிக்கத் தெரிந்தது:
மூடு.

எண்ணைச் சொன்னாளா, ஏவினாளா?
எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.
கொண்டி விழவில்லை.
நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்துவிட்டு
அவள் பக்கத்தில்
தரையில் உட்கார்ந்தேன்.